ஷவரை மூடியும் தண்ணீர் நிற்கவில்லையா? கைப்பிடியை முறுக்காதீங்க... முதல்ல வால்வைத் தேடுங்க!

ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணி. மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட். குளித்து முடித்து ஷவரை மூடுகிறேன், மூட மாட்டேன் என்கிறது. கைப்பிடி சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. 'சரியா மூடலை போல' என்று இன்னும் கொஞ்சம் பலத்தைக் கூட்டித் திருகினேன். 'கிறுக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், தூறிக்கொண்டிருந்த ஷவர், அடைமழையாக மாறிவிட்டது.

பக்கெட் வைத்தேன், நிரம்பியது. குடம் வைத்தேன், அதுவும் நிரம்பியது. சமையலறைப் பாத்திரங்கள் வரை ஈரமாகிவிட்டன. 12 மணிக்கு காலிங் பெல். எதிர் வீட்டு அக்கா.

"என்னம்மா, இந்த நேரத்துல குளிக்கிறியா? பைப்ல தண்ணி ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. நேத்துதான் எல்லாரும் காசு போட்டு லாரித் தண்ணி இறக்குனோம்."

விஷயத்தைச் சொன்னேன். "சரி, வால்வை மூடுனியா?" என்றார்.

"வால்வா... அது எங்க இருக்கு?"

அந்த வீட்டில் நான் குடியிருக்க ஆரம்பித்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். டேங்குக்குக் கீழே வரிசையாக இருந்த வால்வுகளில் ஒன்றைத் திருகினார். கீழே ஷவர் மெதுவாக அடங்கியது.

மறுநாள் வந்த பிளம்பர் அண்ணா ஷவர் டேப்பைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வட்டத்தை எடுத்துக் காட்டினார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், ஓரம் பிய்ந்திருந்தது. "இந்த வாஷர் மட்டும்தாம்மா போயிருந்துச்சு. சில ரூபாய் சமாச்சாரம். நீங்க முறுக்குன முறுக்குல இப்போ ஸ்பிண்டிலும் காலி" என்றார்.

அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்று கேட்டுக் கற்றுக்கொண்டதும், அதற்குப் பிறகு தேடித் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. என்னைப்போல நடு ராத்திரியில் பக்கெட்டும் கையுமாக நிற்பவர்களுக்கு!

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் போகுது?

'சும்மா ஒழுகுது, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன கணக்கு. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலை ஷவருக்குக் கீழே பிடியுங்கள். அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று போனில் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பாருங்கள். 86,400-ஐ அந்த எண்ணால் வகுத்தால், ஒரு நாளில் வீணாகும் லிட்டர் கணக்கு கிடைத்துவிடும். ஏனென்றால், ஒரு நாளுக்கு 86,400 நொடிகள்.

பாட்டில் நிரம்ப இரண்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க மெதுவாகத்தான் தெரியும். ஆனால் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 720 லிட்டர்! பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் குடிநீர்த் திட்ட வழிகாட்டுதலில் உள்ள அளவு. அதாவது, மெதுவாக ஒழுகும் ஒரு ஷவர், ஐந்து பேரின் ஒரு நாள் தண்ணீரைக் குடித்துவிடுகிறது.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் சென்னை. இங்கே 720 லிட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. அதிலும் அப்பார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் ஒரே டேங்க் என்றால், உங்கள் பாத்ரூமில் ஒழுகுவது பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீரும்தான்.

பதறுவதற்கு முன்னால்...

ஷவரை மூடிய பிறகும் சில நிமிடங்கள் சொட்டுவது சகஜம். மேலே போகும் பைப்பிலும் ஷவர் தலையிலும் தங்கிய தண்ணீர் மெதுவாக இறங்கும். தட்டு போல அகலமான ரெயின் ஷவரில் இது இன்னும் கொஞ்சம் நேரம் நீடிக்கும். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் அதே வேகத்தில் சொட்டினால்தான் டேப்பில் கோளாறு.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். ஷவர் தலைக்கு நிறுத்தும் வேலையே கிடையாது. நிறுத்துவது கீழே நீங்கள் திருகும் டேப். அதனால், ஒழுகுகிறது என்று புது ஷவர் தலையை வாங்கி மாட்டினால் காசுதான் வீண்.

ஸ்டெப் நம்பர் 1: தண்ணீரை நிறுத்துங்க

ரிப்பேர் அப்புறம். முதலில் சப்ளை நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் கீசர் சுவிட்சை ஆஃப் செய்துவிடுங்கள். தண்ணீர் வரத்து இல்லாமல் கீசர் ஓடினால் உள்ளே இருக்கும் ஹீட்டிங் காயில் கருகிவிடலாம்.

அடுத்து, வால்வு எங்கே இருக்கும்? இந்த வரிசையில் தேடுங்கள்.

* பாத்ரூமுக்கு உள்ளே: சுவரில் கொஞ்சம் உயரத்தில், டேப் மாதிரியே ஒரு கைப்பிடி தனியாக இருக்கும். அதிலிருந்து தண்ணீர் வெளியே வராது. அதுதான் அந்த பாத்ரூமுக்கான வால்வு. பலரும் இதை 'வேலை செய்யாத டேப்' என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்!
* பாத்ரூமுக்கு வெளியே: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பரண் மேலே, அல்லது அப்பார்ட்மென்ட்டில் பைப்புகள் இறங்கும் டக்ட்டில்.
* மொட்டை மாடியில்: டேங்கிலிருந்து இறங்கும் பைப்புகளில். எந்த வால்வு எந்த வீட்டுக்கு என்று தெரியாவிட்டால் வாட்ச்மேனையோ, பல வருடங்களாகக் குடியிருப்பவரையோ கேளுங்கள். தப்பான வால்வை மூடினால் வேறு யாரோ சோப்பு நுரையோடு நிற்பார்!

வட்டமான சக்கரம் வைத்தது கேட் வால்வு. கடிகார முள் சுற்றும் திசையில் பல சுற்று சுற்றினால்தான் மூடும். நீளக் கைப்பிடி வைத்தது பால் வால்வு. கால் சுற்று போதும். கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம். பல வருடம் தொடாத கேட் வால்வு இறுகிப்போயிருக்கும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் தண்டு முறிந்துவிடலாம். முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அசையவில்லையா, விட்டுவிடுங்கள்.

வால்வே கிடைக்கவில்லை, தண்ணீர் கொட்டுகிறது. என்ன செய்வது? சுடுதண்ணீர் இணைப்பு இல்லாத, ஷவருக்கென்றே உள்ள தனி டேப் என்றால் ஒரு தற்காலிக வழி உண்டு. ஷவர் தலையைக் கையால் கழற்றிவிட்டு, அந்தப் பைப் முனையில் டெஃப்லான் டேப் சுற்றி, அரை இன்ச் எண்ட் கேப் ஒன்றை மாட்டிவிடுங்கள். அன்றைய இரவு தப்பித்துவிடலாம். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். வீட்டில் ஒன்று வாங்கிப் போட்டு வைப்பது நல்லது.

ஸ்டெப் நம்பர் 2: உங்க டேப் எந்த ரகம்?

வெளியே எத்தனை டிசைன் இருந்தாலும், உள்ளே பெரும்பாலும் மூன்று ரகம்தான்.

பல சுற்று டேப்: திறக்க இரண்டு, மூன்று சுற்று சுற்ற வேண்டும். உள்ளே ஸ்பிண்டில் என்கிற தண்டு இறங்கி, முனையில் உள்ள ரப்பர் வாஷரைத் தண்ணீர் வரும் ஓட்டையின் மேல் அழுத்தி அடைக்கும். வாஷர் தேய்ந்தாலோ, கிழிந்தாலோ தண்ணீர் நிற்காது. பழைய வீடுகளில் அதிகம் இதுதான்.

கால் சுற்று டேப்: கைப்பிடியை லேசாகத் திருப்பினாலே முழுதாகத் திறந்துவிடும். உள்ளே வழவழப்பான இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று நகரும். ஓட்டைகள் நேராக வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். மணலோ, உப்புத் துகளோ நடுவில் சிக்கினால் தட்டில் கீறல் விழுந்து ஒழுக ஆரம்பிக்கும்.

ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர்: ஒரே கைப்பிடியை மேலே தூக்கி, இடம் வலமாகத் திருப்பிச் சூட்டை மாற்றுவது. இதன் உள்ளே இருப்பது கார்ட்ரிட்ஜ். இதிலும் செராமிக் தட்டுகள்தான். பிரித்து ரிப்பேர் செய்வதைவிட முழுதாக மாற்றுவதே வழக்கம்.

சிவப்பு, நீலம் என்று இரண்டு கைப்பிடி உள்ள வால் மிக்ஸர் என்றால், எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கீசரை ஆஃப் செய்துவிட்டு, கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். ஒழுகல் நின்றுவிட்டால் கோளாறு சுடுதண்ணீர்ப் பக்கம். நிற்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்ப் பக்கம். ஆங்கிள் காக்கைத் திரும்பத் திறந்த பிறகே கீசரை ஆன் செய்ய வேண்டும்.

கைப்பிடி சும்மா சுத்துதா?

கைப்பிடியைத் திருப்பினால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், உள்ளே எதுவும் கெட்டுப்போகாமலும் இருக்கலாம். கைப்பிடியை ஸ்பிண்டிலோடு பிடித்து வைத்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது கைப்பிடிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும். ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள். பல் தேய்ந்திருந்தால் கைப்பிடியை மட்டும் கழற்றிவிட்டு, உள்ளே தெரியும் தண்டைக் கட்டிங் பிளேயரால் மென்மையாகப் பிடித்துத் திருப்பினால் தண்ணீர் நிற்கும். பிறகு கைப்பிடி மட்டும் புதுசாக வாங்கினால் போதும்.

என் கேஸில் ஆரம்பத்தில் இவ்வளவு பொறுமை இருந்திருந்தால், ஸ்பிண்டில் செலவு மிச்சமாகியிருக்கும்!

ஸ்டெப் நம்பர் 3: கழற்றி மாட்டுவது எப்படி?

தேவையானவை: ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ செட், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், பழைய துணி இரண்டு, பழைய டூத் பிரஷ், போன் டார்ச்.

1. வால்வை மூடிய பின் ஷவர் டேப்பைத் திறந்து, மிச்சத் தண்ணீர் வடியும் வரை காத்திருங்கள். தண்ணீர் முழுதாக நிற்காவிட்டால் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது. அந்த நிலையில் ஸ்பிண்டிலைக் கழற்றினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

2. தரையில் தண்ணீர் போகும் ஜாலியைத் துணியால் மூடுங்கள். சின்ன ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் போனது போனதுதான்.

3. கைப்பிடியின் நடுவில் உள்ள மூடியை மெதுவாக நெம்புங்கள். அடியில் ஸ்க்ரூ இருக்கும். சில மாடல்களில் கைப்பிடியின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை இருக்கும், அதற்கு ஆலன் கீ. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் போனில் போட்டோ எடுத்து, அதே வரிசையில் ஒரு துணியில் அடுக்குங்கள். திரும்ப மாட்டும்போது இந்த போட்டோதான் கைகொடுக்கும்.

4. கைப்பிடியையும் அதன் பின்னால் உள்ள மூடியையும் எடுத்ததும், ஆறு பக்கம் உள்ள பித்தளை நட் தெரியும். பல சுற்று டேப் என்றால் ஸ்பிண்டிலைப் பாதி திறந்த நிலையில் வையுங்கள். மூடிய நிலையில் கழற்றினால் வாஷர் அடியில் அழுந்திச் சிக்கும்.

5. நட்டின் மேல் துணி சுற்றி, ஸ்பேனரால் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். இன்னொரு கையால் டேப்பின் உடம்பைப் பிடித்துக்கொள்வது முக்கியம். இல்லையென்றால் சுவருக்குள் இருக்கும் பைப் இணைப்பு அசைந்துவிடும்.

6. வெளியே வந்த பாகத்தைப் பாருங்கள். வாஷர் பிய்ந்திருந்தால் அதே அளவு வாஷர் வாங்குங்கள். செராமிக் ரகம் என்றால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் நீளம், மரை, மேலே உள்ள பற்களின் எண்ணிக்கை எல்லாம் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். போட்டோ மட்டும் காட்டி வாங்கினால் இரண்டாவது தடவை கடைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

7. டேப்பின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷர் உட்காரும் விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். அங்கே உப்பு படிந்திருந்தால் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். விளிம்பே அரித்துக் குழி விழுந்திருந்தால் புது வாஷர் போட்டாலும் சில நாள்களில் மறுபடி ஒழுகும். அப்போது டேப்பையே மாற்றுவதுதான் தீர்வு.

8. புது பாகத்தைக் கையாலேயே மரையில் ஏற்றுங்கள். நேராக ஏறினால் சுலபமாகச் சுற்றும். இறுக்கமாக இருந்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். கடைசியில் மட்டும் ஸ்பேனரால் லேசாக இறுக்கினால் போதும்.

9. கைப்பிடியை மாட்டும் முன், ஷவர் தலையைக் கழற்றிவிட்டு டேப்பைத் திறந்து வையுங்கள். இப்போது வால்வை மெதுவாகத் திறங்கள். பைப்பில் உள்ள காற்றும் குப்பையும் வெளியேறும். தண்ணீர் தெளிந்ததும் டேப்பை மூடி, பத்து நிமிடம் கவனியுங்கள். எங்கேயும் கசிவு இல்லையென்றால் எல்லாவற்றையும் மாட்டிவிடலாம். கீசரில் தண்ணீர் நிரம்பி, சுடுதண்ணீர் டேப்பில் ஒரே சீராகத் தண்ணீர் வந்த பிறகு சுவிட்ச் போடுங்கள்.

போர் தண்ணியா? அப்போ இதையும் கவனிங்க

பக்கெட்டில் வெள்ளைக் கோடு விழுகிறதா? ஷவர் ஓட்டைகள் அடைக்கிறதா? உங்கள் தண்ணீரில் உப்பு அதிகம். அதே உப்புதான் டேப்புக்குள்ளும் படிகிறது. கால் சுற்று டேப்பின் உள்பாகத்தையோ, கார்ட்ரிட்ஜையோ கழற்றி, வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊற வைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி மாட்டிப் பாருங்கள். கீறல் விழாமல் உப்பு மட்டும் படிந்திருந்தால் இதிலேயே சரியாக வாய்ப்பு உண்டு. ரப்பர் வளையங்களைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், டேப்பின் பளபளப்புப் பூச்சு உரிந்துவிடும்.

இதெல்லாம் வேண்டாமே!

* மூடாத டேப்பைப் பலம் கொண்டு முறுக்குவது. கால் சுற்று டேப்பை முறுக்குவதில் அர்த்தமே இல்லை. அது நிற்கும் இடத்தைத் தாண்டினால் உடைவதுதான் நடக்கும்.
* வாஷருக்குப் பதிலாக டெஃப்லான் டேப்பைச் சுருட்டி வைப்பது. டெஃப்லான் டேப் மரைக்கு மட்டும்தான்.
* டேப்புக்குள் எம்-சீல் அடைப்பது. அடுத்த முறை டேப்பையே உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.
* மாடி வால்வைத் தினமும் மூடித் திறந்து காலத்தை ஓட்டுவது. பழைய வால்வு தாங்காது. அது போனால் அந்த லைன் முழுக்கத் தண்ணீர் கட்.

எப்போ பிளம்பரைக் கூப்பிடணும்?

சுவரில் ஈரம் பரவினால், பெயின்ட் உப்பினால், கீழ் வீட்டு சீலிங்கில் கறை தெரிந்தால் கோளாறு டேப்பில் இல்லை, சுவருக்குள் உள்ள பைப்பில். அதை நாம் தொடக் கூடாது. கன்சீல்டு மிக்ஸரில் நட் அசையவே இல்லை என்றாலும், ஸ்பிண்டில் உள்ளே முறிந்து பாதி மாட்டிக்கொண்டாலும், டேப்பின் உடம்பில் விரிசல் இருந்தாலும் தயங்காமல் கூப்பிடுங்கள். வரும்போது எந்த பாகம் கொண்டு வர வேண்டும் என்று அவருக்குத் தெரிய, டேப்பின் போட்டோவையும், ஒழுகும் வீடியோவையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்களுக்கும் ஒரு பாடம்.

வாடகை வீடா? செலவு யாருடையது?

ஹவுஸ் ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் இது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகளுக்கான 2017-ம் ஆண்டுச் சட்டம், ரிப்பேர் வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. பைப் லைனை மாற்றுவது போன்றவை ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், டேப் மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும், கழற்றும் முன் ஓனருக்கு ஒரு வீடியோவும் மெசேஜும் அனுப்பிவிடுங்கள். பிறகு 'நீதான் உடைச்சே' என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

இன்னைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை

இதையெல்லாம் படித்துவிட்டு, 'நமக்கு எதுக்கு ஸ்பேனர் வேலை' என்று தோன்றினால் பரவாயில்லை. வாஷரைப் பிளம்பர் மாற்றட்டும். ஆனால் வால்வு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் இன்றைக்கே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். மார்க்கர் பேனாவால் பக்கத்தில் வீட்டு எண்ணை எழுதுங்கள். அதை ஒரு போட்டோ எடுத்து வீட்டில் உள்ள எல்லோருக்கும், ரூம்மேட் இருந்தால் அவருக்கும் அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

எங்கள் மாடியில் இப்போது எல்லா வால்வுகளிலும் வீட்டு எண் எழுதியிருக்கிறது. பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான், எழுதியது எதிர் வீட்டு அக்கா. போன வாரம் மேல் வீட்டுக்குப் புதிதாக ஒரு பையன் குடிவந்தான். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, உங்க வால்வு எங்க இருக்குன்னு தெரியுமா?"